கொரிய மொழியைச் சேர்ந்து கற்பது: குழு கலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முகிலினி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கொரிய மொழி கற்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. வாரத்துக்கு இரண்டு நாள், காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் கூடிப் படிப்பது என்று முடிவு செய்திருந்தோம். முதல் இரண்டு வாரங்கள் மிகுந்த உற்சாகமாகவே போயின. கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. கூட்டு வடிவங்களையும் சேர்த்தால் 40. அவற்றை ஒரு வாரத்துக்குள் எல்லோரும் படிக்கக் கற்றுவிட்டோம். அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட இந்த எழுத்துமுறையை அறிவுள்ளவர் ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுவிடலாம், மந்தமானவரும் பத்து நாளில் கற்றுவிடலாம் என்று அக்கால அறிஞர் ஜொங் இன்ஜி எழுதியிருப்பதை வாசித்தபோது, எங்களைப் பற்றியே எழுதியதுபோல மகிழ்ந்தோம். அந்தச் சொல் எழுத்துக்கு மட்டுமே உரியது, மொழிக்கு உரியதன்று என்பது மூன்றாம் மாதத்தில்தான் புரிந்தது.

இப்போது ஐவரில் இருவரே எஞ்சியிருக்கிறோம். யாரும் சண்டையிட்டுப் பிரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியாக நால்வர் கூடிய நாளில், பேசுபொருளைச் சுட்டும் ‘உன், நுன்’ என்னும் உருபு எங்கே வரும், எழுவாயைச் சுட்டும் ‘இ, கா’ என்னும் உருபு எங்கே வரும் என்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். ஆளுக்கொரு புத்தகத்திலிருந்து விளக்கம் சொன்னோம். அழைப்பைத் துண்டித்த பிறகுதான், அந்த ஒரு மணி நேரத்தில் எங்களில் ஒருவர்கூட ஒரு கொரிய வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது உறைத்தது. அடுத்த வாரம் இருவர் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் தனியாகப் படிக்க விரும்பவில்லை. இந்தக் குழுவைத் திரும்பக் கூட்டவே விரும்புகிறேன். சேர்ந்து கற்று, ஓராண்டுக்கு மேல் நிலைத்து நின்ற குழு உங்களில் யாருக்காவது வாய்த்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

தென்றல்வழி:

வணக்கம், முகிலினி. நாங்கள் நால்வர்; ஆறாவது ஆண்டாகச் சேர்ந்து படிக்கிறோம். எங்கள் குழுவும் முதல் ஆண்டில் ஒருமுறை கலைந்து, பிறகு கூடியது. அதில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தனியாகச் செய்யக்கூடிய எதையும் குழுவில் செய்யக் கூடாது. சொற்களை மனப்பாடம் செய்வது, இலக்கண விளக்கத்தைப் படிப்பது, பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்பது ஆகிய மூன்றும் அவரவர் வீட்டுப் பாடம். இன்னொருவருடைய காதும் வாயும் இல்லாமல் நடக்காத வேலையை மட்டுமே குழுவுக்கென்று வைத்துக்கொண்டோம். அதன் பிறகு யாரும் காரணமின்றி வராமல் இருந்ததில்லை, ஏனெனில் வராவிட்டால் இழப்பது என்ன என்பது ஒவ்வொருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வேலைகளில் முதன்மையானது சொல்வதெழுதுதல். கொரியப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யும் பயிற்சி இது, ‘பதஸ்ஸுகி’ என்பார்கள். ஒருவர் ஐந்து வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசிப்பார். மற்ற மூவரும் தாளில் கையால் எழுதி, ஒரே நேரத்தில் ஒளிப்படக் கருவிக்கு முன் காட்ட வேண்டும். தட்டச்சு கூடாது, விசைப்பலகை தானே சொல்லைத் திருத்திக் கொடுத்துவிடும்.

எங்கள் முதல் சொல்வதெழுதுதல் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ‘குங்முரி த்துகொவொயோ’ என்பது வாக்கியம். சாறு சூடாக இருக்கிறது என்பது பொருள். மூவரும் முதல் அசையின் அடியில் ‘ங்’ ஒலிக்கான எழுத்தையே இட்டிருந்தோம். காதில் விழுந்தது அதுதான். ஆனால் சரியான எழுத்துக்கூட்டல் ‘குக்’, ‘முல்’ என்னும் இரண்டின் சேர்க்கை. அடியில் நிற்பது ககரம்; அடுத்து வரும் மகரத்தின் முன் அது ஙகரமாக ஒலிக்கிறது. அன்று ஒரு தோழி, இது நம் இலக்கணத்தில் உள்ள இன எழுத்துதானே என்றார். அவர் சொன்னது முற்றிலும் பொருந்தியது. கொரியத்தில் மெல்லினத்துக்கு முன் வரும் ககரம் ஙகரமாகும், தகரம் நகரமாகும், பகரம் மகரமாகும். ‘ஹப்-நி-தா’ என்று எழுதுவதை ‘ஹம்னிதா’ என்று படிப்பது இதனால்தான். வல்லினத்துக்கு இனமான மெல்லினம் எது என்பதைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த நமக்கு, ஆங்கில வழிப் புத்தகம் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு விளக்கும் விதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

வேறுபாடும் உண்டு. நாம் நல், மை இரண்டும் சேர்ந்தால் ‘நன்மை’ என்று திரிந்த வடிவத்தையே எழுதுகிறோம். கொரியர்கள் திரிபை வாயோடு நிறுத்திக்கொண்டு, எழுத்தில் மூலச் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். இன்னொன்று: நல், நூல் சேர்ந்தால் நமக்கு ‘நன்னூல்’, லகரம் னகரத்துக்கு இடம் விடுகிறது. அவர்களுடைய புத்தாண்டு நாளான ‘ஸொல்’, ‘நல்’ இரண்டும் சேர்ந்தால் ‘ஸொல்லல்’; அங்கே நகரம் லகரத்துக்கு இடம் விடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். மூவரும் ஒரே இடத்தில் தவறு செய்து, ஒருவர் தாளை ஒருவர் பார்த்தபோது மனத்தில் தங்கிவிட்டது.

சுடர்விழி:

தென்றல்வழி அவர்களின் பதிவு பயனுள்ளது. ஆயினும் எனக்கு ஓர் ஐயம். எங்கள் குழுவில் எல்லோரும் தொடக்கநிலையினர். வாசிப்பவரே தவறாக வாசித்தால், மற்றவர்கள் அந்தத் தவறைக் கேட்டுத்தானே எழுதுவார்கள்? ஒருவருடைய தவறு ஐவருக்கும் ஒட்டிக்கொள்ளும் அபாயம் சேர்ந்து கற்பதில் அதிகம் இல்லையா?

ஒலியன்:

சுடர்விழி கேட்டிருப்பதுதான் குழுக்கல்வியின் மெய்யான சிக்கல். நான் ஒலிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் குழு அடி வாங்கியது அங்கேதான்.

கொரியத்தில் தடையொலிகள் மூன்று வகை: இயல்பாக ஒலிப்பவை, இறுக்கி ஒலிப்பவை, மூச்சை வெளியே தள்ளி ஒலிப்பவை. தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். ‘தல்’ என்று நான் எழுதினால் அது நிலாவாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், முகமூடியாகவும் இருக்கலாம். ‘புல்’ என்றால் நெருப்பு, கொம்பு, புல் ஆகிய மூன்றில் ஒன்று. ஆம், மூச்சோடு சொல்லும் ‘புல்’லுக்குக் கொரியத்திலும் புல் என்றே பொருள். எங்கள் குழு அதை அறிந்து மிகவும் மகிழ்ந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியிலேயே ஒரு பொறி இருந்தது. நாம் தமிழில் இயல்பாகச் சொல்லும் சொல்முதல் பகரத்தில் மூச்சு வெளிப்படுவதில்லை. ஆகவே கொரியர் காதில் அது பெரும்பாலும் இறுக்கமான ஒலியாகவே விழுகிறது. நாங்கள் எட்டு மாதம் ஒருவருக்கொருவர் ‘புல்’ என்று சொல்லி, ஒருவரை ஒருவர் சரியென்று ஏற்றுக்கொண்டிருந்தோம். பிறகு கொரியர் ஒருவரிடம் சொல்லிக் காட்டியபோது, அவர் தலையில் இரு விரல்களை வைத்து, கொம்பா என்று கேட்டார். நால்வருக்கும் ஒரே தாய்மொழி என்பதால், நால்வருக்கும் ஒரே செவிட்டிடம் இருந்திருக்கிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, குழுவில் எவரும் ஒலிப்புக்கு நடுவராக இருக்கக் கூடாது என்பதே. வாக்கியத்தைக் கொண்டு வருபவர், கொரியர் பேசிய ஒலிப்பதிவோடு கொண்டு வர வேண்டும். முதலில் பதிவு ஒலிக்கும்; மற்றவர்கள் எழுதுவார்கள்; அதன் பிறகே நம்மில் ஒருவர் அதே வாக்கியத்தைச் சொல்லித் தன் குரலைப் பதிவு செய்வார்; இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்போம். தன் குரலைத் தானே கேட்கும்போது பிடிபடாத வேறுபாடு, அடுத்தவர் குரலில் உடனே பிடிபடும். இன்றைய சியோல் இளையோர் பேச்சில் இயல்பொலிக்கும் மூச்சொலிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது என்பதும் இப்படிக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெளிவானது. நிலா தாழ்ந்து தொடங்கும், முகமூடி உயர்ந்து தொடங்கும். அதன் பிறகு மூச்சின் அளவைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தவும் உயர்த்தவும் பழகினோம்.

தமிழ் நமக்குத் தரும் உதவிகளையும் சொல்ல வேண்டும். ‘உ’ போலத் தோன்றி, இதழ் குவியாமல் ஒலிக்கும் ஓர் உயிர் கொரியத்தில் உண்டு. பலரும் அதற்குத் திணறுவார்கள். நமக்கோ அது குற்றியலுகரம். ‘காடு’, ‘பட்டு’ என்று இயல்பாகச் சொல்லி, கடைசி உயிரில் நின்று பாருங்கள். உங்கள் இதழ் குவிந்திருக்காது. அந்த ஒலிதான். அதுபோலவே கொரிய ககரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிப்பது நம் ககரத்தின் பழக்கமே. இவற்றை யாரும் நமக்குக் கற்றுத் தர வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள்: இங்கே நான் வசதிக்காகக் கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் பயிற்சித் தாளில் ஒருபோதும் அப்படி எழுதாதீர்கள்.

தனிவழி:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் முழுக்கத் தனியாகவே கற்றேன். இரண்டு குழுக்களில் சேர்ந்து இரண்டிலிருந்தும் விலகியவன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குழுவில் செலவிடுவதைக் காட்டிலும், அதே நேரத்தில் நாற்பது சொற்களைப் பழகுவது எனக்குப் பயன் தந்தது. கொரிய மொழித் திறனை அளக்கும் டோபிக் தேர்வின் முதல் பிரிவில் கேட்டலுக்கு 30 வினாக்கள், வாசிப்புக்கு 40 வினாக்கள். மொத்தம் 200 மதிப்பெண்களில் 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையை நான் ஓராண்டுக்குள் தனியாகவே எட்டினேன். குழுவில் நீடித்திருந்தால் எட்டியிருக்க மாட்டேன் என்பதே என் உறுதியான எண்ணம்.

தென்றல்வழி:

தனிவழி அவர்களே, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தத் தேர்வுப் பிரிவில் எழுதுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தனி ஆளின் வேலை. அதற்குக் குழு தேவையில்லை என்றே நானும் சொல்வேன். பேச்சுக்கென்று தனியாக ஒரு டோபிக் தேர்வு 2022ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இரண்டாம் நிலைச் சான்றிதழ் கையில் இருந்தபோது, ஒரு கொரியருடன் ஐந்து நிமிடம் பேச முடிந்ததா?

தனிவழி:

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், முடியவில்லை. அவர் கேட்டது எனக்கு முழுமையாகப் புரிந்தது. விடையும் மனத்தில் இருந்தது. ஆனால் வினைச்சொல்லின் ஈற்றை எப்படி முடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோதே அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சியின்மை என்று இப்போது தோன்றுகிறது. குழுவைப் பற்றிய என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வகையான குழுவில் நான் இருந்ததே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் இருந்த இரண்டும் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த குழுக்கள்.

பழம்பாடம்:

எனக்கு வயது அறுபத்து மூன்று. என் குழுவில் மற்ற மூவரும் முப்பதுக்கு உட்பட்டவர்கள். வயது வேறுபாடுள்ள குழுவில் கொரிய மொழி கற்பதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. ஒரு தனித் தடையும் உண்டு. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

தடையை முதலில் சொல்கிறேன். என் தவறுகளைத் திருத்த அந்தப் பிள்ளைகள் தயங்கினார்கள். நான் என்ன சொன்னாலும் ‘நன்றாக இருக்கிறது, ஐயா’ என்பார்கள். மூன்று மாதம் கழித்து, கொரிய ஆசிரியர் ஒருவருக்கு நான் எழுதிய கடிதத்தில் அவரை ‘தங்ஷின்’ என்று பலமுறை விளித்திருந்தேன். சொற்பட்டியலில் அதற்கு ‘நீங்கள்’ என்று பொருள் போட்டிருந்தது. மரியாதையாக எழுதுவதாகவே நினைத்தேன். கணவன் மனைவிக்கிடையிலும், பாடல் வரிகளிலும், வாய்ச்சண்டையிலும் வரக்கூடிய சொல் அது. ஆசிரியரை அப்படி அழைக்கவே கூடாது. அவர் பெருந்தன்மையோடு, முன்னிலைச் சொல்லே வேண்டாம், ‘ஸொன்ஸெங்னிம்’ என்று மட்டும் அழையுங்கள் என்று எழுதினார். குழுவில் ஒரு பெண்ணுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டாள். அன்று நான் மூவரிடமும் சொன்னேன்: இந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்னைத் திருத்தாமல் விடுவதுதான் எனக்குச் செய்யும் அவமரியாதை. பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். பேசுபவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. முடித்ததும் ஒவ்வொருவரும் தான் குறித்துவைத்த ஒரு தவறையாவது சொல்லியே ஆக வேண்டும். தவறு சொல்வது கடமையானபின், தயக்கம் போய்விட்டது.

இனிப் பயனைச் சொல்கிறேன். கொரியத்தில் பணிவு நிலைகளைப் புத்தகத்தில் அட்டவணையாகப் படித்தால் அது கணக்குப் பாடம்போல இருக்கும். எங்கள் குழுவில் அது வாழ்க்கையாகவே நிகழ்கிறது. பிள்ளைகள் என்னிடம் பேசும்போது வினையில் ‘ஷி’ என்னும் மரியாதை இடைநிலையைச் சேர்த்தே ஆக வேண்டும்; வயதைக் கேட்டால் ‘நாஇ’ என்று கேட்காமல் ‘யொன்ஸே’ என்று கேட்க வேண்டும். நான் என்னைப் பற்றிப் பேசும்போது அந்த ‘ஷி’யைச் சேர்த்துவிடக் கூடாது, தமிழில் ‘நான் வந்தார்’ என்று சொல்வதுபோல் அது கேட்கும். அவர்கள் தங்களுக்குள் ‘பன்மல்’ எனப்படும் உரிமைப் பேச்சில் பேசுவார்கள். என்னிடம் திரும்பியதும் ஈறு மாற வேண்டும். ஒரே உரையாடலில் முகம் திரும்பும்போதெல்லாம் வினையும் திரும்பும் இந்தப் பழக்கத்தைத் தனியாக அமர்ந்து எப்படிப் பெறுவது?

மாதம் ஒருமுறை நாங்கள் வேடம் மாற்றிக்கொள்கிறோம். அன்று நான் இளையவன். என் பேத்தி வயதுள்ள பெண்ணை ‘நுனா’ என்று அழைக்கிறேன். ஆண் தன் அக்காவை அழைக்கும் சொல் அது. பெண்ணாக இருந்தால் ‘ஒன்னி’ என்று அழைத்திருக்க வேண்டும். நம் மொழியில் அக்காவை அழைப்பதற்குத் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரே சொல்தான். அங்கே அழைப்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். நாவில் பழகும்வரை இது எத்தனை முறை தவறியது என்று சொல்லி முடியாது.

முகிலினி:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. எஞ்சியிருந்த இருவரும் நேற்றுச் சொல்வதெழுதுதலைத் தொடங்கிவிட்டோம். ஒலியன் சொன்னபடி பதிவு செய்யப்பட்ட ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டோம். ஐந்து வாக்கியத்துக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. ‘நத்’ என்னும் ஒரு சொல்லில் மட்டும் பத்து நிமிடம் நின்றோம். பகல், அரிவாள், முகம் ஆகிய மூன்றும் தனியே வரும்போது ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆனால் அடியில் இடும் எழுத்து மூன்றுக்கும் வேறு. பின்னால் ‘இ’ உருபு சேரும்போதுதான் ‘நஜி’, ‘நஷி’, ‘நச்சி’ என்று ஒவ்வொன்றும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இதை நானே கண்டுபிடித்ததுபோன்ற மகிழ்ச்சி ஏற்பட்டது.

ஆனால் எங்களைக் கவிழ்த்த அந்த ‘நுன்’, ‘கா’ சிக்கல் அப்படியே இருக்கிறது. அதைப் பேசாமல் விடுவதா, பேசித் தீர்ப்பதா?

இலக்கணத்தேனீ:

பேசித் தீருங்கள், ஆனால் தமிழை வைத்துப் பேசுங்கள். நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கொரிய இலக்கணத்தைப் படித்துவிட்டு, அந்த ஆங்கில விளக்கத்தைத் தமிழில் விவாதிக்கிறோம். ஆங்கிலம் பேசுவோர் கொரியத்தில் பணித்திறன் பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டு, அதை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அந்தக் கடினத்தில் பெரும்பங்கு சொல்வரிசையும் உருபுகளும். நமக்கு அவை கடினமே அல்ல. ‘ஜொனுன் ஹக்கியோஏ கயோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்று வரிசை குலையாமல் வந்து நிற்கும்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ‘நுகா வஸ்ஸொயோ?’ என்றால் ‘யார் வந்தார்?’ என்று பொருள். அதற்கு ‘ஜெகா வஸ்ஸொயோ’ என்று விடை சொன்னால், ‘நான்தான் வந்தேன்’ என்று வந்தவரைச் சுட்டுவதாகும். அங்கே ‘ஜொனுன்’ என்று தொடங்கினால், ‘என்னைப் பொறுத்தவரை, நான் வந்தேன், மற்றவர்கள் எப்படியோ’ என்னும் சாயல் வந்துவிடும். ‘அவர் போகிறார், நானோ இருக்கிறேன்’ என்னும்போது வரும் நம் ஓகாரத்தின் அருகில் ‘நுன்’ நிற்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஆனால் முதல் ஆண்டுக்கு இது போதும். குழுவில் விதியைப் பற்றி விவாதிக்காதீர்கள். ஒருவர் கேள்வி கேட்கட்டும், மற்றவர் விடை சொல்லட்டும். கேள்வி மாறும்போது உருபு மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

எனக்கு எப்போதும் வியப்பளிப்பது துணைவினைகள். ‘மொகொ பொசேயோ’ என்பது ‘சாப்பிட்டுப் பாருங்கள்’. கண்ணால் பார்ப்பதற்கான வினையே அங்கும் முயற்சியைக் குறிக்கும் துணைவினையாக வருகிறது. ‘ஹே ஜுசேயோ’ என்பது ‘செய்து தாருங்கள்’. தருவதற்கான வினையே உதவியைக் குறிக்கிறது. எறிவதைக் குறிக்கும் ‘பொரிதா’ என்னும் வினை துணைவினையாகும்போது, ‘தின்றுவிட்டான்’ என்பதில் உள்ள ‘விடு’ போலச் செயல் முற்றாக முடிந்ததைச் சொல்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் இவற்றுக்கு மூன்று தனி அத்தியாயங்கள். தமிழ்க் குழுவுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘அப்பா’, ‘புல்’ போன்ற ஒற்றுமைகளைத் தேடத் தொடங்கினால் குழு அதிலேயே கரைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் இப்படித்தான் ஒத்திருக்கின்றன. அமைப்பில் உள்ள ஒற்றுமையைக் கருவியாகப் பயன்படுத்துங்கள். உறவு உண்டா இல்லையா என்பதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் நம்மைத் தடுமாறச் செய்யும் இடங்களும் உண்டு. நம் வினை ‘போகிறேன், போகிறாய், போகிறாள்’ என்று ஆளைக் காட்டும். ‘கயோ’ எவரையும் காட்டாது. பேச்சின் நடுவில் யாரைப் பற்றிய செய்தி என்று தெரியாமல் நாம் திகைப்பது இதனால்தான்.

நெய்தல்:

நான் டோபிக் இரண்டாம் பிரிவுக்குத் தயாராகும் குழுவில் இருக்கிறேன். மூன்று முதல் ஆறு வரையிலான நிலைகளுக்கான அந்தப் பிரிவில் எழுத்துத் தேர்வு உண்டு, நான்கு வினாக்கள். கடைசி வினாவான 54ஆவது, 600 முதல் 700 எழுத்துகளுக்குள் ஒரு கட்டுரை கேட்கிறது. தனியாக எழுதிப் பழகியபோது நான் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன். பேச்சில் பழகிய ‘யோ’ ஈற்றைக் கட்டுரையிலும் எழுதினேன்; கட்டுரைக்கு ‘தா’ என்று முடியும் எழுத்து நடைதான் வேண்டும். என் கண்ணுக்கு அது தப்பிக்கொண்டே இருந்தது. இப்போது மூவரும் கட்டம் போட்ட தாளில் எழுதி, படம் எடுத்து, ஒருவர் கட்டுரையை அடுத்தவர் திருத்துகிறோம். திருத்துபவர் சிவப்பு மையால் எதையும் மாற்றி எழுதக் கூடாது. தவறு உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். எழுதியவர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூவருக்கும் பிடிபடாததை மட்டும் ஒரு பட்டியலாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை கொரிய ஆசிரியர் ஒருவரிடம் கேட்கிறோம்.

வருகையைப் பற்றி ஒரு வரி. கொரிய மாணவர்கள் இப்படிக் கூடிப் படிப்பதை ‘ஸுதொதி’ என்கிறார்கள். ‘ஸ்டடி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கொரிய வடிவம். பல குழுக்களில் முன்பணம் கட்டி, தாமதித்தாலும் வராவிட்டாலும் அதிலிருந்து தண்டம் பிடிப்பதும் உண்டு. எங்களுக்குப் பணத்தை இதில் நுழைப்பது பிடிக்கவில்லை. வராதவர் அடுத்த முறை ஐந்துக்குப் பதில் பத்து வாக்கியம் கொண்டு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

சுடர்விழி:

நிலை வேறுபாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் மிக வேகமாக முன்னேறிவிட்டார், மற்றவர்கள் சோர்ந்துபோகிறார்கள்.

தென்றல்வழி:

எங்களிலும் அப்படி ஒருவர் உண்டு. அவரை விளக்கம் சொல்பவராக ஆக்கிவிடாதீர்கள். குழு வகுப்பாக மாறுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாக்கியம் தயாரிக்கும் பொறுப்பை அவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். பிறர் அளவுக்கு ஏற்ற எளிய வாக்கியத்தைப் பிழையின்றி அமைப்பது கடினமான வாக்கியத்தைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத் தரும் என்பதை அவரே விரைவில் உணர்வார். எண்ணிக்கையில் நால்வருக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவம். ஆறு பேர் இருந்தபோது ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைத்தது பத்து நிமிடத்துக்கும் குறைவு.

பழம்பாடம்:

சிறு பழக்கம் ஒன்றைச் சேர்க்கிறேன். அடுத்த கூட்டத்தின் நேரத்தை நாங்கள் கொரியத்திலேயே முடிவு செய்கிறோம். மணிக்கு அவர்களுடைய சொந்த எண்கள், நிமிடத்துக்குச் சீன வழி எண்கள். மூன்றரை மணி என்றால் ‘ஸே ஷி சம்ஷிப் புன்’. முதல் மாதத்தில் இரண்டு முறை ஆளுக்கொரு நேரத்தில் வந்து காத்திருந்தோம். அதன் பிறகு தவறவில்லை.

முகிலினி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விலகிய மூவருக்கும் விளக்கமோ அழைப்போ எதுவும் அனுப்பவில்லை. நாங்கள் இருவரும் எழுதிய சொல்வதெழுதுதல் தாள்களைப் பிழைகளோடு அப்படியே படம் எடுத்து, அந்த ஐந்து வாக்கியங்களின் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினேன். இருவரிடமிருந்து பதில் இல்லை. மூன்றாமவர் மறுநாள் காலையில் ஒரு தாளின் படத்தை அனுப்பினார். ஐந்து வாக்கியங்களையும் கையால் எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் தவறவிட்ட ஓரிடத்தில் அவர் சரியாக எழுதியிருந்தார். நாங்கள் சரியாக எழுதிய இரண்டு இடங்களில் அவர் தவறியிருந்தார். அந்த இரண்டையும் சொல்ல அவரை அழைத்தேன். பேச்சு முடியும்போது, சனிக்கிழமைக்கான வாக்கியங்களைத் தானே கொண்டு வருவதாகச் சொன்னார். நேரத்தை ‘இல்கொப் ஷி’ என்று குறித்துக்கொண்டோம், ஏழு மணி.

உருபுகளுக்கென்று இலக்கணத்தேனீ சொன்ன கேள்விப் பயிற்சியை அன்று தொடங்குகிறோம். ‘நுகா’ என்று தொடங்கும் பத்துக் கேள்விகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஏழாவது கேள்விக்கு ‘கா’ வருமா, ‘நுன்’ வருமா என்று எனக்கே தெரியவில்லை. சனிக்கிழமை இரவு, மூவரும் என்ன விடை சொன்னோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இலக்கணத்தேனீ பார்த்துச் சொல்ல வேண்டும்.